மேரிறோஸ் துக்கம் காத்த விதம்

எழுவைதீவில், புருஷனின் ஆண்டுத் திவசம் வரமுன்னமே கறுப்பைக் களைந்துவிட்டு மஞ்சள் சீலை உடுத்தவள் மேரிறோஸ் ஒருத்திதான். அதற்காக அவளைத் தூற்றியவர்கள் உண்டு. தூற்றிய வாயாலேயே பிறகு அவளைப் புகழ்ந்தவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்திலும் முதல் ஆளாக நின்றவள் அவளுடைய மச்சாள் றோசம்மா. சீலைக் கதை விளங்க வேண்டுமென்றால் பிள்ளையின் கதையிலிருந்து வர வேண்டும்.

மேரிறோஸ் இன்னாசித்தம்பியின் மூத்த மகள். இன்னாசித்தம்பி நாளுக்கு நாலு சொல் பேசினால் அதிகம். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் மகள்தான் பேசினாள். அவள் சிரித்தால் அடுத்த வளவில் மாடு திரும்பிப் பார்க்கும் என்று பகிடி பண்ணுவார்கள். அவளைக் கட்டியவன் அருளப்பு, றோசம்மாவின் தம்பி. கடலுக்குப் போய் வந்தால் நேரே வீடு, வீட்டில் இருந்தால் கிழிந்த வலை பொத்துவது என்று இருந்த மனிதன். அவன் பிடித்து வருவதில் விற்றது போக மிச்சத்தை மேரிறோஸ் கருவாடு போடுவாள். இரண்டு பிள்ளை தங்காமல் போய், மூன்றாவதாகப் பிறந்தவள்தான் ஞானசவுந்தரி. ஊர் சவுந்தரி என்று கூப்பிட்டது.

எண்பத்தொன்றாம் ஆண்டு, சோளகக் காற்று உரத்து வீசிய மாதம். பேற்று நோக்காடு தொடங்கியபோது ஊர்காவற்றுறைக்கு வள்ளம் விட ஏலாத கடல். ஒரு பகலும் ஒரு இரவும் கிடந்து பெற்றாள். பிள்ளை நீலம் பாரித்து, அழாமல் வந்தது. மருத்துவிச்சி தலைகீழாய்த் தூக்கித் தட்டி, வாயில் ஊதி, நெஞ்சைத் தேய்த்து, இனி இல்லை என்று கையை விடப்போன நேரத்தில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேரிறோஸ் தன் உயிர் உள்ளளவும் நன்றி சொன்னாள்.

பிள்ளை வளர்ந்தது. ஆனால் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பால் குடிக்கும்போதும் பார்க்கவில்லை, கொஞ்சும்போதும் பார்க்கவில்லை. கூரைக் கிடுகின் ஓட்டையால் விழுகிற வெயிலை மட்டும் மணிக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டு கிடக்கும். கலவரம் வருவதற்கு முன்னம், எண்பத்துமூன்று தொடக்கத்தில், இரண்டு பேருமாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஒரு கண் டொக்டரிடம் காட்டினார்கள். அவர் லைற் அடித்துப் பார்த்து, மருந்து விட்டுப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னார்.

"பிள்ளையின்ர கண்ணில ஒரு குறையும் இல்லையம்மா. கண் தன்ர வேலையைச் செய்யுது. கண் அனுப்பிறதை மூளை பிடிக்கிற இடத்திலதான் பிழை. பிறக்கேக்கை மூச்சு முட்டினதால வந்தது."

"அப்ப குருடில்லையோ ஐயா?"

"குருடெண்டும் சொல்லேலாது, வடிவாய்ப் பாக்கிறாள் எண்டும் சொல்லேலாது. ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் பிடிக்காது. கனக்கச் சாமான் ஒண்டாய் வந்தால் ஒண்டையும் பிடிக்காது. ஒவ்வொண்டாய்க் காட்டிப் பழக்குங்கோ. இதுக்கு மருந்தில்லை. ஆனால் பழகப் பழகக் கூடி வரும். கைவிட்டிடாதேங்கோ."

திரும்பி வரும்போது வள்ளத்தில் மேரிறோஸ் கேட்டாள்: "அவர் சொன்னது உங்களுக்கு விளங்கினதே?"

"பாதி விளங்கினது."

"எந்தப் பாதி?"

"கைவிட்டிடாதேங்கோ எண்டாரே, அந்தப் பாதி."

ஊருக்கு அந்தப் பாதிகூட விளங்கவில்லை. கண் நல்லதென்று டொக்டரே சொல்லிவிட்டார், அப்படியென்றால் குட்டி நடிக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது பாருங்கோ. இன்றைக்கு மணலில் கிடந்த ஒரு சட்டைப் பொத்தானைப் பொறுக்கி எடுப்பாள். நாளைக்குக் கண்ணுக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆட்டில் தடுக்கி விழுவாள். "உவள் பெரிய கள்ளியடி," என்பாள் றோசம்மா. "வேணுமெண்டால் தெரியும், வேண்டாமெண்டால் தெரியாது. அப்பிடியே தேப்பனை உரிச்சுப் படைச்சிருக்கு."

வழியைக் கண்டுபிடித்தவன் அருளப்பு. ஒருநாள் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தான். நைலோன் வலைக்குக் கட்டுகிற பிளாஸ்ரிக் மிதப்பு ஒன்று, நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள், கயிற்றோடு கிளையில் தொங்கிக் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பாயில் இருந்த பிள்ளையின் தலை அதோடு சேர்ந்து ஆடியது.

"மேரி, ஓடி வா! பாக்கிறாளடி!"

மேரிறோஸ் கையில் மீன் செதிலோடு ஓடிவந்தாள். காற்று நின்றுவிட்டது, பிள்ளையும் பார்ப்பதை விட்டுவிட்டது. "எங்கை பாக்கிறாள்? உங்களுக்கு வெயில் ஏறிப்போச்சு."

அவன் மிதப்பை ஆட்டிவிட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிள்ளை மெல்லத் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி மிதப்பைச் சரியாகப் பிடித்தது. மேரிறோஸ் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேலை மினக்கெட்டுப் பரிசோதித்துப் பார்த்தார்கள். சிவப்பு மிதப்புக்கு அசையவில்லை, நீலத்துக்கு அசையவில்லை. மஞ்சளென்றாலும் வலைக் குவியலுக்குள் கிடந்தால் அவளுக்கு இல்லை. தனியே, இருட்டு நிறத்துக்கு முன்னால், ஆடிக்கொண்டிருந்தால் உண்டு. அடுத்த கிழமை கருவாடு விற்க ஊர்காவற்றுறைக்குப் போன அருளப்பு இரண்டு மஞ்சள் சீலையோடு வந்து இறங்கினான்.

"இதென்ன கூத்து? மஞ்சள் காமாலை பிடிச்சவள் எண்டு சனம் சிரிக்கப் போகுது."

"நீ ஆரெண்டு சனத்துக்குத் தெரியும். பிள்ளைக்குத்தான் தெரியோணும்."

அன்று தொட்டு மேரிறோஸ் வேறு நிறம் உடுத்தவில்லை. ஒன்றைத் தோய்த்துப் போட்டு மற்றதை உடுப்பாள். ஊர் அவளுக்கு மஞ்சள் மேரி என்று பட்டம் வைத்தது. அவள் கவலைப்படவில்லை, ஏனென்றால் பிள்ளை தவழ்ந்தது அந்தச் சீலையைப் பார்த்து, எழும்பி நின்றது அந்தச் சீலையைப் பார்த்து, நடந்ததும் அந்தச் சீலையைப் பார்த்துத்தான். முற்றத்தின் அந்தக் கரையில் தாய் நின்றால் இந்தக் கரையிலிருந்து, கொஞ்சம் தாமதித்து, நேரே நடந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும்.

பிள்ளைக்கு நாலு வயதானபோது சறோஜினிதேவி ரீச்சர் வந்து சேர்ந்தார். கரம்பொன் ஊர்க்காரி. திங்கட்கிழமை காலை வள்ளத்தில் வந்தால் வெள்ளிக்கிழமைதான் திரும்பிப் போவார். தீவுப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது அவர் வேலை. சவுந்தரியைக் கண்டு, விசாரித்து, பள்ளிக்கூட வயது வராவிட்டாலும் பரவாயில்லை, காலையில் கொண்டுவந்து கொஞ்ச நேரம் இருத்தும் என்று அவராகவே சொன்னார்.

முதல் கிழமை எல்லாம் பிழைத்துப் போனது. நல்ல வெளிச்சம் வேண்டுமென்று ரீச்சர் பிள்ளையை யன்னலுக்கு முன்னால் இருத்தினார். பிள்ளை யன்னலைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

"கோவியாதேங்கோ ரீச்சர்," என்றாள் மேரிறோஸ். "வெளிச்சத்தைக் கண்டால் அவளுக்கு வேறொண்டும் வேண்டாம். யன்னலுக்கு முதுகைக் காட்டி இருத்திப் பாருங்கோ."

"அதை முந்தியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

"பிள்ளை படிப்பிக்கத்தான் படிச்சனான், இது எனக்கும் புதுசு. உம்மிலயும் ஒரு பிழை இருக்கு, சொல்லட்டே? உமக்கு அவசரம். அவள் கையை நீட்ட முன்னம் நீர் சாமானை எடுத்துக் கையில வைச்சிடுறீர். ஒருக்கா வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இரும்."

மேரிறோஸ் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய வேலையென்று ஊருக்குத் தெரியும். ரீச்சர் தன் கறுப்புக் குடையை விரித்து வாங்குப் பலகையில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் மிதப்பைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். பிள்ளை தானே பார்த்து, தானே கையை நீட்டி எடுத்தது. அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டார்கள். அவள் கண்டதை இவருக்குச் சொல்வாள், இவர் கண்டதை அவளுக்குச் சொல்வார்.

பள்ளிக்கூட அதிபர் பத்திநாதர் கெட்ட மனிதரில்லை. ஆனால் ஒழுங்கு பார்ப்பவர். "எண்பத்தேழு தையில வயது வரும், அப்ப பாப்பம்," என்றார். "தன்ர இடத்தைத் தானே கண்டுபிடிச்சு இருக்கோணும், ரீச்சர் காட்டிறதைக் கண்டு சொல்லோணும். ஏலாட்டில், பார்வை இல்லாத பிள்ளையளுக்கெண்டு கன்னியாஸ்திரிமார் நடத்திற விடுதி இருக்கு. அங்கை விடுறதுதான் பிள்ளைக்கு நல்லது."

அந்த விடுதி கடல் கடந்து, யாழ்ப்பாணமும் தாண்டி. பிள்ளைகள் லீவுக்கு லீவுதான் வீட்டுக்கு வரும். அங்கே விரலால் தடவிப் படிப்பிப்பார்கள். மூன்று நாலு வருஷமாய்ப் பாடுபட்டுப் பழக்கிய பார்வையை அங்கே யார் பழக்குவார்கள்? அந்தத் தை மாதத்தை நினைத்தால் மேரிறோசுக்கு ஒரே நேரத்தில் ஆசையும் பயமுமாக இருந்தது.

தை வருமுன்னம் ஐப்பசி வந்தது. காற்று திடீரென்று வாடைக்குத் திரும்பிய ஒரு விடியற்காலையில் அருளப்புவின் வள்ளம் கவிழ்ந்தது. உடலை அனலைதீவுக் கரையில் எடுத்தார்கள்.

றோசம்மா தம்பிக்காகத் தலையிலடித்து அழுதாள். அழுதபடியே செய்ய வேண்டியதையும் செய்தாள். இரண்டு கறுப்புச் சீலையும் கறுப்புச் சட்டையும் கொண்டுவந்து மேரிறோசுக்கு உடுத்தினாள். மஞ்சள் சீலைகளை மூட்டையாகக் கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். தாலியறுத்தவள் ஒரு வருஷம் கறுப்பு, அதற்குப் பிறகு வெள்ளை. அதுதான் அவர்கள் வழக்கம். மேரிறோஸ் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அருளப்புவுக்குத் துக்கம் காக்காமல் அவள் வேறு யாருக்குக் காப்பாள்? கறுப்பை உடுத்துக்கொண்டு, வீட்டு மூலையில் பேச்சு மூச்சில்லாமல் இருந்தாள்.

சவுந்தரி நடப்பதை விட்டாள். இருட்டு வீட்டில், கிடுகு ஓட்டையால் வருகிற வெயிலைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத நாளில் இருந்த மாதிரி இருந்தாள். இடைக்கிடை, "அம்மா எங்கை?" என்பாள். தாய் ஒரு முழத் தூரத்தில் இருப்பாள். "இஞ்சைதான் இருக்கிறன் குஞ்சு," என்றால் குரல் கேட்டு அடங்குவாள். கொஞ்ச நேரத்தால் திரும்பவும், "அம்மா எங்கை?"

"தேப்பனோடை கண்ணும் போயிட்டுது," என்றார்கள் சனம். மேரிறோசும் அப்படித்தான் நம்பினாள்.

ஜனவரி பிறந்தது, ஊர் தை என்று சொல்லுகிற மாதம். நல்ல காரியத்துக்கு முன்னால் கைம்பெண் நிற்கக்கூடாதென்று, பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள் றோசம்மாதான். சவுந்தரி வாங்கில் இருத்திய இடத்திலேயே இருந்தாள். ரீச்சர் மிதப்பைக் காட்டினார், குடையை விரித்தார், பொறுமையாக இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

பத்திநாதர் தானே நடந்து வந்து வீட்டு வாசல் படலையில் நின்றார். "மேரிறோஸ், என்னைக் கோவியாதையும். விடுதிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறன். வள்ளத்துக்கு எண்ணெய் கிடைக்கிற நாளில சிஸ்டர் ஒராள் வந்து பாப்பா."

மேரிறோஸ் தலையை மட்டும் ஆட்டினாள். ரீச்சர்தான் அவரோடு வாதாடினார். "போன வருஷம் பாத்த பிள்ளை சேர். எங்கையோ ஏதோ பிழைச்சிருக்கு. என்னவெண்டு எனக்குப் பிடிபடேல்லை."

பிடிபட்டது பொங்கலன்று. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீட்டில் பொங்கல் இல்லை. மேரிறோஸ் வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முற்றத்துப் பாயில். வேலியோர ஒழுங்கைப் பாதையால் யோகம்மா, சைவக்காரி, நாலு வீடு தள்ளி இருப்பவள், புதுச் சீலை உடுத்து, தமக்கை வீட்டுக்குக் கொடுக்கப் பொங்கிய புக்கைத் தட்டோடு போனாள். நல்ல பளிச்சென்ற மஞ்சள் சீலை.

சவுந்தரி எழும்பினாள். இரண்டு மாதமாக அடியெடுத்து வைக்காத பிள்ளை முற்றத்தைக் கடந்து, திறந்திருந்த படலையைத் தாண்டி, ஒழுங்கைக்குப் போய் யோகம்மாவின் முழங்காலைக் கட்டிப்பிடித்தது.

"எங்கை போனனியம்மா? எங்கை போனனி?"

யோகம்மா தட்டைத் தூக்கிப் பிடித்தபடி திகைத்து நின்றாள். "ஐயோ குஞ்சு, நான் யோகம்மா மாமியடா. மேரி, நான் பிள்ளையைக் கூப்பிடேல்லை, வழியால போனனான்…"

மேரிறோஸ் சுளகை எறிந்துவிட்டு ஓடிவந்து பிள்ளைக்குப் பின்னால், கறுப்பில், நின்றாள். மகள் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேரிறோஸ் யோகம்மாவின் சீலையைப் பார்த்தாள், தன் சீலையைப் பார்த்தாள்.

"யோகம்மா, உந்தச் சீலையை எனக்கு ஒருக்காத் தாறியே?"

"இப்பவோ? உடுத்தியிருக்கிற சீலையையோ? விசரே உனக்கு!"

"சரி, வேண்டாம். பிள்ளையைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டு நில். இந்தா வாறன்."

நேரே றோசம்மா வீடு. றோசம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், என்ர மஞ்சள் சீலையைத் தாங்கோ."

கத்தி நின்றது. "என்னடி கேட்டனி?"

"மஞ்சள் சீலை."

"என்ர தம்பியின்ர குழியில மண் இன்னும் இறுகேல்லை. உனக்கு மஞ்சள் கேக்குதோ? அடுத்தவனுக்கு வலை வீசுறாள் எண்டு ஊர் காறித் துப்பும். அவனை மறந்திட்டியோடி?"

"நான் மறக்கேல்லை மச்சாள். பிள்ளைதான் என்னைத் துலைச்சுப்போட்டு நிக்குது. இப்ப யோகம்மாவைக் கட்டிப்பிடிச்சு அம்மா எண்டவள். நான் பின்னாலதான் நிண்டனான். கறுப்பில என்னை அவளுக்குத் தெரியாது. தேப்பன் போன அண்டைக்கே தாயும் போனாள் எண்டு இவ்வளவு நாளும் இருந்திருக்கிறாள். கண் போகேல்லை மச்சாள். அதுக்குத் தெரியிறமாதிரி நான்தான் நிக்கேல்லை."

றோசம்மா கத்தியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் மூட்டையைக் கொண்டுவந்து முற்றத்தில் எறிந்தாள். "கொண்டு போ. ஆனால் உதை உடுத்துக்கொண்டு என்ர படலைக்குள்ள காலெடுத்து வைக்காதை."

மேரிறோஸ் அங்கேயே, றோசம்மாவின் வேலி மறைப்பில், உடுத்துக்கொண்டு வந்தாள். ஒழுங்கையில் யோகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சவுந்தரி இந்த மஞ்சளையும் அந்த மஞ்சளையும் மாறி மாறிப் பார்த்தாள். "குஞ்சு," என்று தாய் ஒரு சொல் சொன்னாள். அவ்வளவுதான், பிள்ளை யோகம்மாவின் கையை உதறிவிட்டு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மஞ்சளில்தான் பூசைக்குப் போனாள். வாங்கில் இருந்த பெண்கள் அரக்கி அரக்கி அந்தக் கரைக்குப் போனார்கள். "பூசைக்கு வந்திருக்கிறாவோ, கலியாணத்துக்கு வந்திருக்கிறாவோ," என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேரிறோசின் வாய்க்கு அந்தக் குரலை மடக்குவது பெரிய காரியமில்லை. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, செபத்தைத் தொடர்ந்து சொன்னாள். அவளுக்கும் அந்த நிறம் அன்று முள்ளாய்த்தான் குத்தியது. ஆசைக்கு உடுத்தவளுக்கு அந்த வேதனை தெரியாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த ரீச்சர் திங்கட்கிழமை வள்ளத்தால் இறங்கி, கதையைக் கேட்டு, பையை வைக்காமலே அவள் வீட்டுக்கு வந்தார். "நானும் குடையைக் குடையைப் பிடிச்சனான். தாயைப் பாக்காத பிள்ளை மிதப்பை எப்பிடிப் பாக்கும்? அவளுக்கு முதல் எழுத்தே நீரல்லோ."

"சிஸ்டர் வாறதுக்குள்ள ஏதும் செய்யலாமே ரீச்சர்?"

"செய்யலாம். ஆனால் என்ர வகுப்புச் சுவர் முழுக்கப் படம். எதைப் பிடிச்சாலும் பின்னால கிளியும் மாம்பழமும் நிக்குது, அவளுக்கு எல்லாம் குழம்புது. குடை காணாது, இன்னும் பெரிசாய் வேணும்."

மேரிறோஸ் உள்ளே போனாள். வரும்போது கையில் மடித்த கறுப்புச் சீலை இரண்டு. "இதைச் சுவருக்குக் கட்டுங்கோ."

ரீச்சர் உடனே கை நீட்டவில்லை. சாவு வீட்டுச் சீலை, சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம். அவரும் ஊர் உலகத்துக்குப் பயந்த மனுஷிதான். ஒரு மூச்சு விட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். "தாரும். கேக்கிறவைக்கு நான் சொல்லுறன்."

முதலில் கேட்டவர் பத்திநாதர். "இதென்ன ரீச்சர், பள்ளிக்கூடமோ, செத்தவீடோ?"

"சிஸ்டர் வந்து போகுமட்டும் பொறுங்கோ சேர். பிறகு நானே கழட்டிறன்."

செய்தி றோசம்மாவின் காதுக்குப் போனது. கிணற்றடியில் நாலு பேர் கேட்கச் சொன்னாள்: "என்ர தம்பிக்குக் காக்கிற துக்கம் இப்ப பள்ளிக்கூடச் சுவரில தொங்குது!" சொன்னாளே தவிர, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மீன் விற்கப் போகிற சாட்டில் பள்ளிக்கூட வேலிப் பக்கம் போய் எட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். வேலிக்கு மேலால் தெரிந்த அவளுடைய பனையோலைத் தொப்பியை ரீச்சர் கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

எண்ணெய்த் தட்டுப்பாட்டில் வள்ளம் நின்று நின்று ஓடிய காலம். சிஸ்டர் வர மாசி நடுவாகிவிட்டது. அதற்குள் சவுந்தரி கறுப்புச் சீலைக்கு முன்னால் மூன்று சாமானும் ஒரு எழுத்தும் பழகியிருந்தாள். தன் இடம் தெரிய வாங்கின் நுனியில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது.

ஆனால் சிஸ்டர் வந்த அன்று பார்த்து ஊரே திரண்டு வகுப்புக்குள் நின்றது. பச்சையும் சிவப்புமாகச் சீலைகள், இடுப்பில் கைக்குழந்தைகள், ஆளுக்கொரு கதை. மேரிறோஸ் வெளியே, யன்னலோரம். கைம்பெண் முன்னுக்கு வந்து காரியம் கெட்டது என்று யாரும் சொல்லக்கூடாதென்று அங்கே நின்றாள். ரீச்சர் மஞ்சள் தகரப் பேணியைத் தூக்கிப் பிடித்தார். சவுந்தரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேணியை ஆட்டினார். பிள்ளை காதைப் பொத்தியது.

"பாவம்," என்று சிஸ்டர் பிள்ளையின் தலையைத் தடவினார். பத்திநாதர் தொண்டையைச் செருமினார். யன்னலோரத்தில் மேரிறோஸ் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் மீன் பெட்டியைத் தொப்பென்று வாசலில் வைத்துவிட்டு றோசம்மா உள்ளே வந்தாள்.

"எல்லாரும் வெளியால போங்கோ! என்ன, இஞ்சை கூத்தே காட்டுறாங்கள்? உங்கட சீலையளும் உங்கட சளசளப்பும்! இவ்வளவு நிறத்தையும் கண்டால் எனக்கே கண் தெரியேல்லை, அந்தக் குஞ்சுக்கு என்னெண்டு தெரியும்? நட, நட!"

றோசம்மாவின் வாய்க்கு முன்னால் நின்று பிடிக்க அந்தத் தீவில் ஆளில்லை. வகுப்பு வெறுமையாகியது. சிஸ்டரும் எழும்பப் பார்த்தார்.

"நீங்கள் இருங்கோ சிஸ்டர். ஆனால் அவசரப்படாதேங்கோ. மீனைச் சட்டியில போட்ட உடனை பிரட்டினால் பிஞ்சுபோம். இவளும் அப்பிடித்தான். விட்டுப் பிடிக்கோணும்."

தானும் சுவரோடு ஒட்டி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ரீச்சர் பேணியைக் கறுப்புச் சீலைக்கு முன்னால் மெல்ல அசைத்தார். வெளியே எங்கோ ஒரு சேவல் கூவி ஓய்ந்தது. சிஸ்டர் மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளை தலையைத் தூக்கியது. ஒருக்காப் பார்த்தது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை நேரே நீட்டிப் பேணியைப் பிடித்தது.

"பேணி."

பிறகு ரீச்சர் மஞ்சள் மட்டையில் வெட்டிய ஒரு எழுத்தைச் சீலையில் குத்தினார். இந்த முறை இன்னும் நேரம் எடுத்தது. பத்திநாதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். றோசம்மா அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"ட," என்றாள் சவுந்தரி. சொல்லிவிட்டு, யாரும் கேளாமலே, நடந்துபோய் மஞ்சள் துணி கட்டிய இடத்தில் இருந்துகொண்டாள்.

சிஸ்டர் எழும்பினார். "சேர், இந்தப் பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போகேலாது. எங்கட பிள்ளையளுக்கு நாங்கள் விரலால படிப்பிக்கிறம். இவளுக்குப் பார்வை இருக்கு, அது வளருது. அதை வளக்கத் தெரிஞ்ச ஆக்களும் இஞ்சைதான் இருக்கினம். அவையளிட்டை இருந்து பிரிச்சால் பாவம் எனக்கு."

பத்திநாதர் பேர் பதிகிற கொப்பியை எடுத்துவரப் போனார். கறுப்புச் சீலையைக் கழற்று என்று அவர் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. றோசம்மா மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யன்னலோரம் நின்றவளைக் கடந்து போகும்போது திரும்பிப் பாராமல் சொன்னாள்: "உனக்காகச் செய்தனான் எண்டு நினையாதை. என்ர தம்பியின்ர பிள்ளை."

"ஓம் மச்சாள்."

சவுந்தரி அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷத்துக்கு மேல் படித்தாள். பெரிய எழுத்தாக, ஒன்று ஒன்றாக வைத்தால் வாசிப்பாள். களைத்துப்போனால் ஒன்றும் தெரியாது, நித்திரை கொண்டு எழும்பினால் திரும்ப வரும். தொண்ணூறிலும் தொண்ணூற்றொன்றிலும் யுத்தத்தால் தீவுகள் கலைந்தபோது அவர்களும் யாழ்ப்பாணப் பக்கம் போனார்கள். ரீச்சரின் கரம்பொன்னும் வெறிச்சோடியது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் மூட்டை தூக்கி நடந்த நடையில், பதினாலு வயசுச் சவுந்தரி தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தானும் ஒரு மூட்டை சுமந்து நடந்ததாகக் கண்டவர்கள் சொல்லுவார்கள். மேரிறோஸ் மறுகலியாணம் செய்யவில்லை, வெள்ளையும் உடுக்கவில்லை. அவளைப் பற்றிப் பிழையாய்ப் பேச வாயெடுத்தவர்கள் றோசம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஆனால் பேர் பதிந்ததற்கு அடுத்த திங்கட்கிழமையைச் சொல்லாமல் விடக்கூடாது. அன்று மேரிறோஸ் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தானே குளிப்பாட்டி, தலை வாரி இழுத்து, தானே முன்னுக்கு நடந்து கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டாள். சவுந்தரி தாயின் கையை விட்டுவிட்டு, வாங்கு வரிசைக்குள் மெல்ல மெல்லத் தேடிப் போய்த் தன் இடத்தில் இருந்தாள். ரீச்சர் தலையை அசைத்தார், போம் என்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்தாள். ஒருவரும் இல்லாத வீடு. அருளப்பு பாதி பொத்தி விட்டுப் போன வலை கூரை வளையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் அவள் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இருக்கவில்லை. அதைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டு, அவன் பேரைச் சொல்லி, வாய்விட்டு அழத் தொடங்கினாள். அடக்கம் பண்ணிய அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. படலை திறந்தது. றோசம்மா வந்தாள். மஞ்சள் சீலையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்து, அவளைத் தன் தோளோடு இழுத்துக்கொண்டு, தம்பியைச் சொல்லித் தானும் அழுதாள்.

பள்ளிக்கூடம் விடுகிற மணி கேட்டபோது மேரிறோஸ் எழும்பிக் கிணற்றடியில் முகத்தைக் கழுவினாள். வலையை மடித்து உள்ளே வைத்தாள்.

"நானும் வாறன், நில்," என்றாள் றோசம்மா. இரண்டு பேருமாகப் பிள்ளையைக் கூட்டிவரப் போனார்கள்.